நான்காம் பந்துக்குப் பின் போட்ட கோடு

அந்தப் பத்திரிகைத் தலைப்பில் ஏழு சொற்கள் இருந்தன. "கொலைவெறிப் பந்துவீச்சு, இரத்த வெள்ளத்தில் துரை, மைதானத்தில் கலவரம்." ஏழில் பந்துவீச்சும் துரையும் மட்டுமே உண்மை. இரத்த வெள்ளம் என்பது ஒரு கைக்குட்டையும் இரண்டு தையலும். கலவரம் என்பது பந்தைக் கவ்விக்கொண்டு ஓடிய தொழிலாளர் லயத்து நாயும், அதைத் துரத்திய மூன்று பேரும். மைதானமும் மைதானமல்ல, தொழிற்சாலைக்குப் பின்னால் மலையை வெட்டிச் சமன் செய்த இடம். ஒரு பக்கம் எழுபது தப்படி, மறுபக்கம் நாற்பத்து மூன்று. நானே நடந்து அளந்தேன்.

ஐம்பதுகளின் நடுவில் இலங்கை மலையகத்தில், திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் அலுவலகத்தில் கந்தோர்க் கிளாக்கராக இருந்தேன். தோட்டத்து அணி விளையாடும் நாட்களில் ஓட்டக்கணக்கு எழுதுவதும் என் தலையில் விழுந்தது. அணிக்குத் தலைவர் தோட்டத்தின் உதவி மேலாளரான சின்னதுரை. ஆனால் பந்து வீசத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். தொழிற்சாலையில், லயத்து ஆட்கள் ஸ்டோர் என்று சொல்லும் இடத்தில், கொழுந்து அரைக்கும் ரோலரில் வேலை செய்பவர். வரிசை வீடுகளான லயத்தில் ஒற்றை அறைக் காம்பரா, மனைவி, இரண்டு பிள்ளைகள்.

அன்று எதிரணி, தோட்ட மேலாளர்களின் துரைமார் கிளப். மூன்று மணிக்குச் சங்கு ஊதினால் அடுத்த ஷிப்டு முறைக்காரர்கள், எங்கள் ஆள் உட்பட, தொழிற்சாலைக்குள் நிற்க வேண்டும். கிரிக்கெட்டுக்காக எந்தச் சங்கும் காத்திருக்காது. எங்கள் ஆள் ஓர் ஓவரின் நான்காவது பந்தை வீசி முடித்தபோது சங்கு ஊதியது. பந்தைச் சின்னதுரையின் கையில் கொடுத்துவிட்டு மேடேறி ஓடினார். அதே நேரத்தில் பள்ளத்திலிருந்து பனிமூட்டம் ஏறி எல்லாவற்றையும் மூடியது. மீதி இரண்டு பந்துகளைச் சின்னதுரை வீச வேண்டியதாயிற்று. அவர் வீசிய ஐந்தாவது பந்து கிளப் தலைவரின் நெற்றியில் பட்டது. யார் கையிலிருந்து வந்தது என்று அடிபட்டவருக்கே தெரியவில்லை. பந்து வீசும் முனையிலிருந்து பதினோரு தப்படித் தூரத்தில் என் மேசை இருந்ததால் எனக்குத் தெரிந்தது.

ஓவர் எங்கள் ஆளின் பெயரில்தான் இருந்தது. நான் நான்காம் பந்துக்குப் பின் ஒரு கோடு போட்டு, "3.00, சங்கு" என்று குறித்து, கோட்டுக்கு அப்பால் சின்னதுரையின் முதலெழுத்தைப் பொடியாக எழுதினேன். பக்கத்தில் பிளேன்டீ விற்றுக்கொண்டிருந்த, எல்லோரும் நானா என்று கூப்பிடும் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்ன கிளாக்கரையா, பந்துக்கும் செக்ரோல்ல பேர் போடுறீங்களா? சம்பளம் எப்ப குடுப்பீங்க?"

ஹட்டனிலிருந்து வந்த பத்திரிகை நிருபர் பனி மூடியதுமே பஸ் பிடிக்கப் போய்விட்டார். நெற்றிச் செய்தி அவருக்குப் பஸ்ஸில்தான் கிடைத்தது. கடைசியாகப் பந்தோடு பார்த்த ஆளைக் கொலைகாரனாக்கிவிட்டார்.

மூன்றாம் நாள் பத்திரிகை வந்தது. ஐந்தாம் நாள் கம்பனியின் கொழும்புக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது: அந்த ஆள் தோட்டத்தில் இருக்கக் கூடாது. ஆட்டத்துக்கு வராத தோட்ட மேலாளர் பெரியதுரை, வெள்ளிக்கிழமை வேலைநீக்கப் பத்துச்சீட்டு எழுதிவைக்கும்படி என்னிடம் சொன்னார். பத்துச்சீட்டு கிடைத்தால் வேலையோடு காம்பராவும் போகும்.

எங்கள் ஆள் கந்தோர் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார்.

"நா அப்ப ஸ்டோருக்குள்ள நிக்கிறேங்க ஐயா. ரோலர் சத்தத்துல தொரை கத்துனதுகூட கேக்கல."

"சின்னதொரைகிட்ட சொன்னியா?"

"சொன்னேங்க. பாப்போம்னுட்டு மோட்டார்சைக்கிள்ல ஏறிட்டாரு. வீட்டுல சட்டிபானைய சாக்குல கட்டிட்டாங்க."

சின்னதுரைக்கு எதிராக வாய் திறக்க எனக்கும் பயம்தான். இரண்டு நாளில் அந்தப் பக்கத்தை இருபத்தேழு முறை திருப்பினேன். ஒவ்வொரு முறையும் கோடு அங்கேயே இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை, பத்துச்சீட்டுக்குப் பதிலாக இரண்டு புத்தகங்களைப் பெரியதுரையின் மேசையில் வைத்தேன். ஒன்று ஓட்டக்கணக்கு. மற்றது தொழிற்சாலை ஆள்கணக்கு. அதில் எங்கள் ஆள் மூன்று மணி நான்கு நிமிடத்துக்கு உள்ளே வந்ததாக இருந்தது.

"இந்தக் கோடு என்ன?" என்று பெரியதுரை ஆங்கிலத்தில் கேட்டார்.

"சங்கு, ஐயா."

"கோட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள எழுத்து?"

நான் அந்த எழுத்துக்குக் கீழே விரலை வைத்தேன். அவரே மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். பிறகு மணியடித்துச் சின்னதுரையைக் கூப்பிட்டு, புத்தகத்தை அவர் பக்கம் திருப்பினார். சின்னதுரையின் காது சிவந்தது.

"பந்து ஈரமாக இருந்தது, சார். வழுக்கிவிட்டது."

"ஆறு நாளாகவா வழுக்கிக்கொண்டிருக்கிறது?" என்றார் பெரியதுரை.

அன்று பத்துச்சீட்டு எழுதவில்லை. கொழும்புக்கு ஒன்று, பத்திரிகைக்கு ஒன்று என இரண்டு கடிதங்களை நானே தட்டச்சு செய்தேன். ஒரு பிழையும் விடவில்லை. பத்திரிகை திருத்தத்தை ஆறாம் பக்கத்தில், தலைவலித் தைல விளம்பரத்துக்குக் கீழே நான்கு வரியாகப் போட்டது. நான்கு வரியில் இரண்டு எழுத்துப்பிழை. இருந்தாலும் மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும் முன், அதை உரக்கப் படித்தேன். நூற்றுத் தொண்ணூற்றாறு பேர் நின்றிருந்தார்கள். கொழுந்துக் கூடைகளைத் தட்டி எழுப்பிய சத்தத்தில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவின் அதட்டல் எடுபடவில்லை.

"இன்னொரு வாட்டி படிங்கய்யா," என்றார் கூட்டத்தில் ஓர் அம்மா. "பொய்ய ஊரே படிச்சிச்சில்ல."

படித்தேன்.

ஐந்து வாரம் கழித்து அதே கிளப்போடு மறு ஆட்டம். அன்று எங்கள் ஆளின் முறைக்கு வேறொருவரை நிறுத்தும்படி பெரியதுரை எழுதிக் கொடுத்திருந்தார். நிருபரும் வந்திருந்தார். அவரை என் மேசைக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்து, கடைசி பஸ் ஐந்தரைக்கு என்று இரண்டு தடவை சொன்னேன்.

மூன்று மணிக்குச் சங்கு ஊதியபோது ஓர் ஓவரில் நான்கு பந்துகள் முடிந்திருந்தன. பழக்க தோஷத்தில் எங்கள் ஆள் மேட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"அங்க என்ன பார்வை?" என்று கத்தினார் நானா. "ஸ்டோரு ஓடிப்போயிடாது. நீ போடு தம்பி."

ஐந்தாவது பந்தைக் கிளப் தலைவர் தடுத்தார், நெற்றியில் இரண்டு தையல் வடுவோடு. ஆறாவது பந்து அவருடைய நடுக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு போனது. குச்சி விழுந்த இடத்தைப் பிறகு அளந்தேன்: ஒன்பது தப்படி.

நிருபர் எதையோ வேகமாக எழுதத் தொடங்கினார். நான் என் புத்தகத்தை அவர் பக்கம் நகர்த்தினேன். அந்த ஓவரில் ஆறு பந்தும் ஒரே பெயரில் இருந்தன, நடுவில் கோடு இல்லாமல்.