ஒயர் இல்லாத கிடார்

சேவியர் போய்விட்டான். காலையில் ஒத்தக்கடையிலிருந்து அவன் மகள் போன் செய்தாள்... தூக்கத்திலேயே.

எழுபதுகளில் மதுரையில் இங்கிலீஷ் ராக் வாசித்த எங்கள் பேண்டின் கிடாரிஸ்ட். டிரம்ஸ், மறைந்த என் கணவர். பாடியது நான். கான்வென்ட் உச்சரிப்புக்காகச் சேர்த்துக்கொண்டதாகச் சிலர் சொல்வார்கள். குரலும் இருந்தது.

கிடாரை மட்டுமே நம்பி வாழ்வது என்று சேவியர் முடிவு செய்திருந்தான். கிடைத்த கிளார்க் வேலையைக்கூட வேண்டாமென்று விட்டான்.

ராக் கேட்க அன்று மதுரையில் ஆள் ஏது? கோயில் திருவிழாக்கள்தான் எங்கள் டூர். முதலில் பிள்ளையார் பாட்டு, பிறகு சினிமாப் பாட்டு, கூட்டம் அசந்த நேரம் பார்த்து ஓர் இங்கிலீஷ் பாட்டு.

பரவைப் பக்கம் ஓர் அம்மன் கோயில் பொங்கல். சேவியர் கிடாரை அலறவிட்டதில் முன்வரிசையில் ஒரு பெண்ணுக்குச் சாமி வந்துவிட்டது. பயந்து நிறுத்தப் போனோம். கமிட்டிப் பெரியவர் மேடைக்கே வந்துவிட்டார்.

"நிப்பாட்டாதீக தம்பி. ஆத்தா மலையேறுற வரைக்கும் அதையே வாசிங்க."

வாசித்தோம். சேவியரின் விரல் கிழிந்தது.

திரும்பும்போது வேனில், "பாத்தீங்களா அண்ணி, என் கிடாருக்கும் ஒரு ரசிகை இருக்கா" என்றான். அன்று அவன் சிரித்த மாதிரி பிறகு சிரிக்கவில்லை...

எண்பதுகளில் கீபோர்டு வந்தது. நாலு பேர் வேலையை ஒருவரே செய்தார். எங்கள் பேண்ட் கலைந்தது. என் கணவர் டிரம்ஸை விற்றுவிட்டு இன்சூரன்ஸ் வேலைக்குப் போனார். சேவியர் வேறொரு குழுவில் சேர்ந்தான்.

அங்கே அவனிடம் சொன்னார்களாம்: "ஒயர் வேணாம்ணே. கிடார் சத்தமும் கீபோர்டுலயே வருது. நீங்க சும்மா மாட்டிக்கிட்டு நில்லுங்க, மேடை நெறைவா இருக்கும்."

என் கணவர் கொதித்துப்போய், உடனே விட்டுவிட்டு வரச் சொன்னார். வேறு வேலை பார்த்துத் தருவதாகவும் சொன்னார்.

"மேடையில நிக்கிற வரைக்கும்தாண்ணே நான் கிடாரிஸ்ட்டு" என்றான் சேவியர்.

அழகர்கோவில் ரோட்டில் ஒரு கல்யாண ரிசப்ஷனில் அவனைப் பார்த்தேன். எனக்கு மேடையை ஒட்டிய நாற்காலி.

கிடார் சத்தம் கீபோர்டிலிருந்து வந்தது. ஒயர் இல்லாத கிடாரில் சேவியர் வாசித்துக்கொண்டிருந்தான். நடிக்கவில்லை... வாசித்தான். விரல்கள் விழ வேண்டிய இடத்தில் விழுந்தன.

சரணத்தில் கீபோர்டுக்காரர் ஓரிடத்தில் பிசகினார். சேவியர் பிசகவில்லை.

என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டான். கை நிற்கவில்லை.

மாலை நாலு மணிக்கு அடக்கம்.

போய் வா, சேவியர்.