அப்பாவுக்கு வந்த சர்க்கரை

ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் திடீரென்று மதியச் சாப்பாட்டை நிறுத்தினேன். எங்கள் திருமுல்லைவாயில் பள்ளிக்கு ஊட்டச்சத்து பற்றிப் பேச ஒரு மேடம் வந்திருந்தார். நல்லவர். காய்கறி, எண்ணெய், ஓடியாடி விளையாடுவது எல்லாவற்றையும் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். பட்டினி கிடக்கக் கூடாது என்றுகூடச் சொன்னாராம். ஆனால் அவர் "உடல் பருமன்" என்றபோதெல்லாம் வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது. அதற்குப் பிறகு எதுவும் என் காதில் ஏறவில்லை.

நான் பருத்ததில் பெரும்பங்கு வீட்டாரின் பாசத்துக்கு. வயதுக்கு வந்ததும் உளுந்தங்களியில் நல்லெண்ணெயை ஊற்றி ஊற்றி ஊட்டினார்கள். பெரிய மனுஷி ஆகிவிட்டேனாம், சைக்கிளையும் பூட்டி வைத்தார்கள். களி சில வாரத்தில் முடிந்தது. பூட்டு மட்டும் திறக்கவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்த்த அப்பா, டியூஷன் முடிந்து பசியோடு வருவேனென்று தினமும் முட்டை பப்ஸும் ஜாங்கிரியும் வாங்கி வருவார். எனக்கு ஒன்று என்றால் தனக்கும் ஒன்று. இனிப்பென்றால் அவருக்கு உயிர்.

காலையிலும் சாப்பிடாமல் போன ஒருநாள் பிரேயரில் மயங்கி விழுந்தேன். அப்பாவையும் அம்மாவையும் வரவழைத்து அந்த மேடத்தோடு பேச வைத்தார்கள். நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். இனி எனக்கென்று தனிச் சாப்பாடு வரும், எதற்கும் கேலி பேசும் மாமா வந்தால் அதைக் காட்டிச் சிரிப்பார் என்று நினைக்கவே அழுகை வந்தது. வெளியே வந்த அப்பா என் பையைத் தூக்கிக்கொண்டார்.

இரண்டொரு நாளில் அப்பா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

"எனுக்கு சுகர் வந்துகீதாம்மா. மாத்திரை வாணாமாம். வாயக் கட்டு, டெய்லி நடன்றாரு டாக்டரு. தனியா நடக்க ஒரு மாரி கீது. நீ கூட வர்றியா?"

என் கவலை எனக்கே மறந்துபோனது. பப்ஸ் நின்றது; சுண்டலும் கொய்யாவும் வந்தன. அவருக்குத் தனியாகச் சமைக்க முடியாது என்று அம்மா எல்லோர் தட்டிலும் சோற்றைக் குறைத்துப் பொரியலைக் கூட்டினாள். நான் மதியச் சாப்பாட்டு டப்பாவைக் காலி செய்யாவிட்டால் தானும் சாப்பிட மாட்டேன் என்று அப்பா மிரட்டினார். சாயங்காலம் அவர் நடந்தார். அவர் வேகத்துக்கு ஈடுகொடுக்க என் சைக்கிள் பூட்டும் திறந்தது.

நானோ அவருக்குக் காவல். சேக்காட்டில் ஒரு கல்யாணப் பந்தியில் அவர் இலையிலிருந்த லட்டைப் பிடுங்கிவிட்டேன்.

"இன்னா மச்சான், பொண்ணு போலீஸாயிடுச்சா?" என்று மாமா சிரித்தார். அப்பா ரசத்துக்குப் போனார். நான் கல்யாணமாகிப் போகும்வரை என் முன்னால் அவர் இனிப்பைத் தொட்டதில்லை.

போன மாதம் எனக்கு வளைகாப்பு. அப்பா இரண்டாவது ஜாங்கிரியை எடுத்தபோது பழைய பழக்கத்தில் கையைப் பிடித்தேன். அம்மா வாய்விட்டுச் சிரித்தாள்.

"உடுடி. அவுருக்கு ஏது சுகரு? பொண்ணுக்குன்னு தனியா எதுவும் வெக்காதீங்க, ஊடே மாறணும்னு அந்த மேடம் சொல்லிச்சு. அதான் இவுரு சுகர வரவச்சிகினாரு."

அப்பா வாயில் ஜாங்கிரியோடு அசடு வழிந்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இப்படி ஓர் அப்பா கிடைக்க நான் என்ன செய்தேனோ தெரியவில்லை. இன்னொன்றை எடுத்து நானே அவருக்கு ஊட்டினேன். தினமும் அப்பாவுக்குத் துணையாகக் கிளம்பிய அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்கு, துணைக்கு வந்தது யார் என்று தெரியவே இல்லை.