சித்தி வீசிய சட்டைக்கை

எங்கள் வீட்டு வழக்கப்படி, பெண் பார்க்க யாரும் நேரே வீட்டுக்கு வருவதில்லை. கோயிலிலோ பள்ளிக்கூட விழாவிலோ இரு பகுதியாரும் தற்செயலாகச் சந்தித்துக்கொள்வார்கள். சித்தியின் தற்செயலுக்கு அப்பா மூன்று வாரமாக ஆயத்தம் செய்தார்.

அம்மாவின் தங்கையான சித்திக்கு ஆசிரியர் கலாசாலையிலிருந்து அனுமதிக் கடிதம் வந்திருந்தது.

"அத்தான், நான் படிக்கப் போறன். எனக்கு இப்ப கலியாணம் வேண்டாம்."

"முதல்ல அவை உன்னைப் பார்க்கட்டும். விருப்பமில்லையெண்டால் அவையே சொல்லுவினம்."

பெண்ணின் மறுப்பைப் பெற்றுக்கொள்ள எங்கள் வீட்டில் படிவம் கிடையாது. பின்னாளில் துறைமுகக் கந்தோரில் படிவங்களோடே காலம் கழித்தவள் நான். படிவம் இல்லாத விண்ணப்பத்தின் கதி எனக்குத் தெரியும்.

துறைமுக வீதியில் பல்லுக் கட்டும் சீனரின் மனைவியைச் சீன அன்ரி என்போம். ஷாங்காய்ப் பக்கத்து யுவே இசைநாடகத்தில் ஊறியவர். அதில் ஆண் வேடத்தையும் பெண்களே கட்டுவார்கள். மீசையை மழித்துச் சேலை கட்டும் எங்கள் கூத்துக்காரர்கள் கேட்டால் கோபித்திருப்பார்கள். அந்தச் சீன வேடத்தில் சட்டைக்கை விரல்களைத் தாண்டி இரண்டு முழம் வெள்ளைத் துணியாகத் தொங்கும். பாதிக் கதையைப் பாட்டுச் சொல்லும், மீதியைத் துணி சொல்லும். முகத்தை மறைத்தால் நாணம். கண்ணருகே கொண்டுபோனால் அழுகை. வெளியே உதறி வீசினால், "போ, உன்னோடு எனக்குக் கதையில்லை." அன்ரி சித்திக்கு இதைப் பழக்கிய ஒத்திகை முழுவதும் கூடவே இருந்த எனக்கு, ஒன்பது வயதில், இவ்வளவும் மனப்பாடம்.

பள்ளிக்கூட விழாவில் ஒரு பிரிவுக் காட்சி. அன்ரிக்கு மாணவன் வேடம், சித்திக்கு அவன் காதலி வேடம். அப்பாவுக்குப் பரம திருப்தி.

"ஆம்பிளையளே இல்லாத நாடகம். பிள்ளையைக் காட்ட இதைவிட மரியாதையான இடம் எங்க?"

மாப்பிள்ளையும் தாயும் முன்வரிசையில் தற்செயலாக அமர்ந்திருந்தார்கள். தாய்க்குப் பக்கத்துக் கதிரையில் நான். அன்ரி பாடி முடித்தார். சித்தி கையைக் கண்ணருகே கொண்டுபோக வேண்டிய இடம் அது. அவள் கொண்டுபோகவில்லை. மேடை விளிம்புக்கு வந்து மாப்பிள்ளையை நேராகப் பார்த்துச் சட்டைக்கையை உதறி வீசினாள். மறுபடியும் வீசினாள். மண்டபம் கைதட்டியது.

"என்ன வடிவாய் ஆடுறா!" மாப்பிள்ளையின் தாயும் தட்டினார். "தம்பி, எனக்குப் பிடிச்சிருக்கு."

என் அறிவைக் காட்டாமல் என்னால் இருக்க முடியவில்லை.

"மாமி, அது சும்மா ஆட்டமில்லை. இவரைப் பார்த்து, போ, உன்னோட எனக்குக் கதையில்லை எண்டு சொல்லுறா. ரெண்டு தரம் சொல்லிப்போட்டா."

"ஆரடி சொன்னது?"

"சீன அன்ரி. வேணுமெண்டால் கேட்டுப்பாருங்கோ."

எங்கள் வரிசையில் மட்டும் கைதட்டல் நின்றது. தாயும் மகனும் எழுந்து போனார்கள். அப்பா என் காதைப் பிடித்தபடியே வீடுவரை கூட்டிவந்தார்.

முன் விறாந்தையில் அவர் கத்திக்கொண்டிருக்க, சித்தி அறையில் பெட்டியின் அடியில் கலாசாலைக் கடிதத்தை வைத்து, மேலே சேலைகளை அடுக்கினாள். முகத்தில் சிவப்புப் பூச்சு அப்படியே இருந்தது. கலியாணத்தைக் குழப்பிவிட்டேன் என்று அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

"விசரி, ஏன் அழுறாய்? நீ வாயை மூடிக்கொண்டு இருந்திடுவியோ எண்டுதான் நான் பயந்தனான்." என் கன்னத்தில் சிவப்பு ஒட்டக் கொஞ்சினாள்.

இவ்வளவு பெரிய பிழை செய்தவளை எதற்காகக் கொஞ்சுகிறாள் என்று அன்று எனக்கு விளங்கவில்லை.