ஏகாம்பரத்தின் வண்டியில் சங்கு கிடையாது

சேகண்டிச் சத்தம் கேட்டதும் நான் மெஷினில் தாளைச் சொருகினேன். மேலே ஒரு தாள், நடுவில் கார்பன், கீழே ஒரு தாள். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் காலை வகுப்பு நடந்துகொண்டிருந்தது. சேகண்டி என்றால் ஊரில் எல்லோருக்கும் சாவு. எனக்கு மட்டும் ஏகாம்பரம். பக்கத்துத் தெருவில் அந்த டங் டங் கேட்டால், அவர் தன் பேட்டரி வண்டியில் வந்துகொண்டிருக்கிறார், சர்க்காருக்கு இன்னொரு விண்ணப்பம் அடிக்க வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். சில வாரங்களாக வயிற்று வலி என்று படுத்திருந்தவர் எழுந்துவிட்டார் போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு காத்திருந்தேன்.

அப்போது சங்கு ஊதியது. அவர் வண்டியில் சங்கு கிடையாது.

செங்கல்பட்டில் ஏகாம்பரத்தை அறியாதவர்கள் குறைவு. ரயில் பெட்டிகளின் விளக்கு பேட்டரிகளோடு வேலை செய்து ஓய்வு பெற்றவர். அதன் பிறகு ஜி.எஸ்.டி. ரோட்டில் பழைய லாரி பேட்டரிகளை வாங்கி உடைத்து, ஈயத்தை உருக்கி வார்க்கிற பட்டறை வைத்தார். கருங்குழியிலிருந்தும் அச்சரப்பாக்கத்திலிருந்தும் லாரிக்காரர்கள் கொண்டுவந்து போட்ட பேட்டரிகள் கொட்டகையில் வரிசையாகக் கிடக்கும். உங்களில் பலர் அவரோடு சண்டை போட்டிருப்பீர்கள். நானும் போட்டிருக்கிறேன். வாய் ஓயாது, சொன்னதைக் கேட்கமாட்டார், தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

முதன்முதலில் நான் அந்தக் கொட்டகைக்குப் போனது பட்டப்பகலில்தான். ஆனாலும் உள்ளே இருட்டு. செத்துப்போனவை என்று ஒதுக்கிய பேட்டரிகளின் நடுவே ஒரு சின்ன பல்பு மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. நேற்று அது அணைந்துவிட்டதாம். யாரும் சார்ஜ் ஏற்றவில்லை, யாரும் தொடவில்லை, இன்று காலை தானாக எரிகிறதாம். நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன். ஏகாம்பரம் சிரித்தார்.

"செத்த பேட்டரின்னு ஒண்ணு கெடையாது டீச்சரம்மா. களைச்சிப் போனதுதான் கீது. கொஞ்ச நேரம் சும்மா வுடுங்க, அதுவா எழுந்துக்கும்."

கொட்டகைக்குப் பின்னால் உலை. அங்கே அவருடைய தம்பி முருகேசன் ஈயம் உருக்கிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் காகம் உட்காராது. புல் மேய்ந்த ஆடுகள் சுற்றிச் சுற்றி வந்து விழுந்தன. முருகேசன் எனக்கு வணக்கம் சொல்லக் கையைத் தூக்கியபோது முன்கை மட்டும்தான் எழுந்தது. மணிக்கட்டிலிருந்து இரண்டு கைகளும் துவண்டு தொங்கின. ஈயப் புகையால் வந்தது, புகையை விட்டு விலகு என்று பெரியாஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். வேறு வேலை இல்லை, முருகேசனுக்கு மூன்று பெண்கள். மூடிய உலையும் உயரமான புகைபோக்கியும் கட்டினால் யார் கையும் தொங்காது என்றார் ஏகாம்பரம். விண்ணப்பத்தின் காரணம் அவ்வளவுதான்.

பெட்ரோல் விலை ஏறியிருந்த சமயம். பேட்டரியில் ஓடும் வண்டி ஆராய்ச்சிக்கு சர்க்கார் மானியம் கொடுப்பதாகப் பேப்பரில் வந்தது. வெறும் உலைக்குக் கேட்டால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள், வண்டியையும் உலையையும் சேர்த்துக் கேட்போம் என்று யோசனை சொன்னார். பழைய பேட்டரியின் ஈயத்திலிருந்து புது பேட்டரிக்குத் தகடு, அதில் ஓடும் மூன்று சக்கர வண்டி, அது கடற்கரையிலிருந்து மீன் ஏற்றிவரும். நான் ஆங்கிலத்தில் எழுதி அடித்தேன். உபயோகித்துக் காட்ட வேண்டும் என்று பதில் வந்தது. திருவிடந்தைக்குத் தெற்கே, மாமல்லபுரம் போகிற வழியில் ஒரு குப்பத்தைத் தேர்ந்தெடுத்தார்.

அந்த வண்டிக்குச் சத்தமே கிடையாது. முதல் நாள் சவுக்குத் தோப்பு வழியே போயிருக்கிறார். முன்னால் மீன் கூடையோடு ஒரு பெண். ஏதோ தோன்றித் திரும்பியவளுக்குக் கையெட்டும் தூரத்தில் ஓர் ஆள் முகம், அதற்குக் கீழே மணலில் ஊர்ந்துவரும் பெட்டி. கூடையைப் போட்டுவிட்டு ஓடியவளுக்குக் காய்ச்சல் கண்டு, மந்திரிக்க வேண்டியதாயிற்று.

சத்தம் இல்லாததுதானே குற்றம், சத்தம் வைத்தால் போயிற்று என்று நினைத்தார் ஏகாம்பரம். காயலான் சரக்கு வாங்கிப் பழகிய மனிதர், காசு கொடுத்து ஹாரன் வாங்குவாரா? பித்தளைக் குவியலில் கிடந்த ஒரு சேகண்டியை எடுத்து, சக்கரம் சுற்றச் சுற்ற ஓர் இரும்புத் துண்டு அடிக்கிறமாதிரி மாட்டினார். அது எங்கே ஒலிக்கிற சாமான் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அவருக்கு அது பித்தளை.

அடுத்த நடை, கட்டுமரங்கள் எல்லாம் கடலுக்குள் இருந்த நேரம். தோப்புக்குள்ளிருந்து சேகண்டி வருகிறது. வண்டிச் சத்தமும் இல்லை, ஆள் பேச்சும் இல்லை, சேகண்டி மட்டும் குப்பத்தை நோக்கி நடந்து வருகிறது. பெண்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். ஒவ்வொருத்தியும் தன் புருஷனை நினைத்தாள். ஒரு கிழவி ஓடிவந்து வண்டியை மறித்தாளாம்.

"யாரு வூட்டுக்கு வந்துகினு கீற? சொல்லிட்டுப் போ நைனா. யாரு பூட்டாங்க?"

கட்டுமரங்கள் எல்லாம் திரும்பிவிட்டன. ஆனால் வெகுநாளாகப் படுக்கையில் கிடந்த ஒரு பெரியவர் அன்று மாலை போய்விட்டார். குப்பத்தார் கோபப்படவில்லை. இனிமேல் சேகண்டி வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்கள். அன்றிலிருந்து வண்டி எந்த வீட்டு வாசலில் நிற்கிறது என்று பார்க்க ஆரம்பித்தார்கள். அவர்கள் கோபப்பட்டிருந்தால் தேவலை என்றார் ஏகாம்பரம். செங்கல்பட்டுக்குள் மட்டும் சேகண்டியை மாட்டிக்கொண்டு வருவார்.

பார்வையிட வந்த அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. அதனால் நானும் போனேன். சேகண்டி இல்லாமல் வண்டி வழுக்கிக்கொண்டு போயிற்று. அதிகாரிக்கு ஒரே குஷி. குப்பத்தின் நடுவே பேட்டரி இறங்கி, வண்டி ஒரு வாசலில் நின்றது. நாங்கள் இறங்கினோம். ஒருவர் ஒருவராக ஜனங்கள் வந்து கூடினார்கள். கடல் சத்தம் மட்டும். அந்த வீட்டுப் பெண் எங்களைப் பார்த்தாள், இடுப்புக் குழந்தையின் முகத்தைத் தன் தோளில் அழுத்திக்கொண்டாள், உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். இவர்கள் ஏன் இப்படிப் பார்க்கிறார்கள் என்று அதிகாரி என்னைக் கேட்டார். எனக்கு ஆங்கிலம் வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, ஆளில்லாத வண்டி நகர்ந்தது. சத்தமில்லாமல், அவசரமில்லாமல், கூட்டத்தை நோக்கிப் போயிற்று. ஜனங்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டார்கள். கடல் வரைக்கும் போய், ஈர மணலில் சக்கரம் புதைந்து நின்றது. "சுவிட்சைத் தொட்டீங்களா?" என்று கேட்டேன். "தொடலை டீச்சரம்மா" என்றார். எதற்கும் விளக்கம் சொல்கிற மனிதர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சக்கரத்தைத் தோண்டப் போனார். அந்த வீட்டில் எதுவும் நடக்கவில்லை. குழந்தை நன்றாக இருக்கிறது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

மானியம் வந்தது. வண்டிக்கு மட்டும். கழிவை உருக்குவது ஆராய்ச்சி ஆகாது என்று எழுதியிருந்தார்கள். நான் படித்துச் சொன்னதும் ஏகாம்பரம் கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வண்டிக்குக் குட்த்துட்டான். கைக்குக் குடுக்கல."

வண்டிப் பணத்தை உலைக்குத் திருப்புங்கள், யார் பார்க்கப்போகிறார்கள் என்று சொன்னேன். என்னை முறைத்தார். மறுநாள் முருகேசனை உலையிலிருந்து எழுப்பி வண்டியில் உட்காரவைத்தார். கைப்பிடியை மணிக்கட்டால் தள்ளினால் போதும், விரல் வேண்டாம். உலை முன்னால் அவர் உட்கார்ந்தார். உலைக்கு மறுபடி விண்ணப்பம், மறுபடி விண்ணப்பம் என்று என் வாசலுக்கு வந்துகொண்டே இருந்தார். வரவர முகம் சாம்பல் பூத்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். கேட்டால், "களைப்புதான்" என்பார். அந்த மனிதர்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

அவரை அதே வண்டியில்தான் கொண்டுபோனார்கள். முருகேசன் ஓட்டினார். குப்பத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார்கள். சேகண்டியை வண்டியில் மாட்டச் சொன்னவர்களே அவர்கள்தான். என் இன்ஸ்டிட்யூட் வாசலில் டங் என்ற ஒலி மெதுவாகி, நின்றது. வண்டியும் நின்றது. தள்ள நாலு பேர் முன்னே வந்தார்கள். முருகேசன் தடுத்தார்.

"கொஞ்ச நேரம் சும்மா வுடுங்க. எழுந்துக்கும்."

தெருவே அசையாமல் நின்றது. எல்லோரும் வண்டியைப் பார்த்தார்கள். நான் ஏகாம்பரத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், நான் எதிர்பார்த்தேன். பிறகு வண்டி நகர்ந்தது. வண்டி மட்டும்தான் எழுந்தது.

காரியம் முடிந்ததும் முருகேசன் அந்தச் சேகண்டியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். சுவரில் மாட்டியிருக்கிறேன். மெஷின்கள் எல்லாம் சேர்ந்து ஓடும்போது அது தானாக முனகுகிறது. லோயர் பரீட்சைக்குப் படிக்கிற பெண்கள் அந்தப் பக்கம் உட்காரப் பயப்படுகிறார்கள். எடுக்கமாட்டேன். அவரிடமிருந்து எனக்கு மிச்சம் இதுவும், முடிந்தது என்று ஊர் சொல்வதைக் கொஞ்ச நேரம் சும்மா விட்டுப் பார்க்கிற புத்தியும்தான்.

இதில் மட்டும் சும்மா விட நேரமில்லை. மீன் நடையை நம்பி இரண்டு குடும்பம் பிழைக்க முடியாது. பட்டறையை மூட முடியவில்லை என்று சொல்லிவிட்டு, முருகேசன் திரும்பவும் உலை முன்னால் உட்கார்ந்துவிட்டார். ஏகாம்பரத்தைத் தெரிந்தவர்கள் இன்ஸ்டிட்யூட்டுக்கு வந்து கையெழுத்துப் போடுங்கள். அன்று காலை சொருகிய தாளை நான் எடுக்கவில்லை, அதிலேயே மூடிய உலைக்கான விண்ணப்பத்தை அடித்துவிட்டேன். இந்த முறை வண்டியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கையைப் பற்றி மட்டும் எழுதியிருக்கிறேன்.