முட்டிக்காக ஏறிய மலை

ஆதிலட்சுமிக்கு வயது நாற்பத்தேழு. அதில் இருபத்தாறு வருடம் விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைத் தரையில், வலது காலை மடக்கி உட்கார்ந்தே போனது. அச்சிலிருந்து எடுத்த ஈரப் பொம்மையின் பிசிறைக் கத்தியால் சீவி, பஞ்சால் துடைத்து, சூளைக்கு அனுப்புவாள். பிள்ளையார் தும்பிக்கை உடையாமல் அவள் கைக்குத்தான் அடங்கும். ஆனால் தரையில் உட்கார முடியாதவளுக்கு அந்தப் பட்டறையில் வேலை கிடையாது. தை மாதம் முட்டி வீங்கி, எழுந்திருக்க ஆள் கைகொடுக்க வேண்டிவந்தபோது அவளுக்கு அதுதான் பயம்.

“முட்டி நல்லா ஆனா பர்வதமலை ஏறி உச்சியில இருக்குற லிங்கத்துக்கு என் கையால தண்ணி ஊத்துறேன்” என்று வேண்டிக்கொண்டாள். அந்த வாரமே டாக்டர் முட்டியில் ஊசி போட்டார். வலி போன இடம் தெரியவில்லை. ஊசியின் வேகம் இருக்கும்வரைதான் இது, காலுக்கு ஓய்வு கொடுங்கள் என்று டாக்டர் சொன்னது காதில் ஏறவே இல்லை. கேட்டதைச் சாமி கொடுத்துவிட்டது. இனி வேண்டுதலைத் தள்ளிப்போட்டால் கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொள்ளாதா?

பௌர்ணமிக்குப் பட்டறைப் பெண்கள் வேன் பிடித்தார்கள். அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் கமலம், வேனிலும் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

“முட்டி நல்லாவணும்னு முட்டியத் தேய்க்கப் போறவ ஊருலயே நீ ஒருத்திதாண்டி.”

“நல்லாயிடுச்சிக்கா. அதான் போறேன்.”

மூடிபோட்ட தண்ணீர்ச் சொம்பைப் பையில் வைத்துக்கொண்டு, மலைக் காட்டுப்பாதையில் கமலத்துக்கு முன்னால் நடந்தாள். படிகளையும் ஏறிவிட்டாள். படி முடிந்து, இரும்புக் கம்பியைப் பிடித்துப் பாறையில் ஏற வேண்டிய இடத்தில் வலது காலை ஊன்றினாள். முட்டிக்குள் ஏதோ நழுவியது. அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“யம்மா, ஓரமா குந்துங்க, பின்னால கூட்டம் நிக்குது” என்றது ஒரு குரல்.

கமலம் துண்டைக் கிழித்து முட்டியை இறுக்கிக் கட்டினாள். ஆதிலட்சுமி கம்பியைப் பிடித்து எழுந்தாள். கால் மடங்க மறுத்தது. இன்னொரு தரம் முயன்றாள். கண்ணில் நீர் வந்ததுதான் மிச்சம்.

“தண்ணிய இப்பிடிக் குடு. நான் ஊத்திட்டு வரேன்.”

“என் கையாலன்னு சொல்லிட்டேனேக்கா.”

“அப்ப என்னாதான் பண்ணப் போற?”

மேலே போக முடியவில்லை, கீழே இறங்கவும் முடியவில்லை. கடைசியில் சொம்பை நீட்டினாள். கமலம் திரும்பி வரும்வரை, ஏறுகிறவர்களின் கால்களைப் பார்த்தபடி பாறையோரம் கிடந்தாள். கிழவர்கள்கூட ஏறினார்கள். சாமிக்கு எதில் கோபம் என்று யோசித்துப் பார்த்தாள், பிடிபடவில்லை.

இறக்கம் அதைவிடக் கொடுமை. படிப்படியாக உட்கார்ந்து நகர்ந்தாள். காட்டுப்பாதையில் முன்பின் தெரியாத இரண்டு பேர் தோள் கொடுத்தார்கள்.

வேனில் ஏறியதும் கமலம் சூப்பர்வைசர் அறிவழகனுக்குப் போன் போட்டாள்.

“ஆதிக்குக் கால் முடியலைங்க. நாளைக்கு வரமாட்டா.”

“பிள்ளையார் ஆர்டர் அப்பிடியே கெடக்குது. எப்பதான் வருவாங்க?”

கமலம் ஆதிலட்சுமியைப் பார்த்தாள். ஆதிலட்சுமி தன் முட்டியைப் பார்த்தாள். அது பூசணிப் பிஞ்சு போலப் பருத்திருந்தது.

“தெரியலைங்க” என்றாள் கமலம்.

மறுநாள் திங்கட்கிழமை காலையில் பட்டறையில் ஆதிலட்சுமியின் இடத்தில், பக்கத்து ஊர் கம்மாபுரத்திலிருந்து வரும் வேறொரு பெண் உட்காருவாள்.