அடுத்த கப்பலில் வருவான்

தை மாதம், சனிக்கிழமை. காலை ஏழே காலுக்குக் கோவில்பட்டியில் பேருந்து ஏறினேன். நாகலாபுரத்துக்கு அப்பால் மூன்று கிலோமீட்டரில் ஒரு சிற்றூர். அங்கே ஞானம் டீச்சரைப் பார்க்க வேண்டும். அவருடைய தகப்பனார் சவரிமுத்துவும் என் பெரியப்பா சுப்பையாவும் இரண்டாம் உலகப் போரில் பர்மாவுக்குப் போனவர்கள். சவரிமுத்து திரும்பி வந்தார். பெரியப்பா வரவில்லை. 'காணவில்லை' என்று ராணுவத்திலிருந்து ஒரு தாள்தான் வந்தது.

அப்பாவுக்கு இப்போது தொண்ணூற்றிரண்டு வயது. அண்ணன் ரயிலேறியபோது அவர் சிறுவன். அண்ணன் அவரை ரயில் பெட்டிக்குள் தூக்கி உட்கார வைத்து, "மதுரை வரைக்கும் வாரியாலே?" என்று கேட்டுவிட்டு, வண்டி நகருமுன் இறக்கிவிட்டாராம். போர் முடிந்தபின் ஒரு பட்டாளத்துக்காரர் வீட்டுக்கு வந்து, "அடுத்த கப்பல்ல வந்துருவான்" என்று மட்டும் சொல்லிவிட்டு, பேரோ ஊரோ சொல்லாமல் போனார். அந்த வார்த்தையை நம்பி வீடே காத்திருந்தது. என் சிறு வயதில்கூடப் பொங்கலுக்கு எடுக்கும் துணிகளில் பெரியப்பாவுக்கென்று ஒரு வேட்டி இருக்கும்.

பெரியப்பாவோடு போன ஒருவரின் மகள் டீச்சர் என்று போன மாதம் ஒரு கல்யாண வீட்டில்தான் கேள்விப்பட்டோம். "போய்க் கேட்டுட்டு வா. தெரியாமலே நான் போயிரக் கூடாது" என்றார் அப்பா.

எட்டயபுரம் தாண்டியதும் இரு பக்கமும் கரிசல். பள்ளி விடுமுறைகளில் இதே சாலையில் வந்தபோதெல்லாம் பருத்தி வெடித்துக் கிடக்கும். இன்று கொத்தமல்லிச் செடியின் வாசம் சன்னல் வழியே வந்தது. இந்தப் பக்கம் வருகிறவர்கள் பாளையக்காரர் போரைப் பற்றிப் பேசுவார்கள். பர்மாவுக்குப் போனவர்களைப் பற்றிப் பேச ஆளில்லை.

எட்டே முக்காலுக்கு நாகலாபுரம். அங்கிருந்து ஆட்டோவுக்கு எண்பது ரூபாய்.

"பட்டாளத்தார் வீடா? ஏறுங்கம்மா" என்றார் ஓட்டுநர். "அவிய செத்து முப்பது வருஷமாச்சு. வீட்டுப் பேரு மட்டும் மாறல."

டீச்சருக்கு எழுபது வயதிருக்கும். நான் யாரென்று சொன்னதும் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார்.

"கோவில்பட்டியில இருந்தா வருதீங்க? சுப்பையா வீடா?"

காப்பி கொடுத்துவிட்டுச் சொன்னார். காட்டு வழியில் பின்வாங்கும்போது பெரியப்பாவுக்கு விஷக்காய்ச்சல். சவரிமுத்து அவரை இரண்டு நாள் முதுகில் சுமந்திருக்கிறார். மூன்றாம் நாள் விடியும்போது முதுகிலேயே உயிர் போய்விட்டது. ஒரு ஆற்றங்கரையில் கையாலேயே மண்ணைத் தோண்டிப் புதைத்தாராம்.

"ஊருக்கு வந்ததும் அதைச் சொல்லத்தான் உங்க வீட்டுக்குப் போயிருக்காவ. உங்க அப்பாவைப் பெத்தவிய இலை போட்டுச் சோறு வச்சி, 'எம்புள்ள எப்ப வருவான்?'னு கேட்டுட்டாவளாம். எங்கப்பாவுக்கு வாய் வரல. அடுத்த கப்பல்லன்னு சொல்லிட்டாவ. பொறவு சாகுற வரைக்கும் கோவில்பட்டியில கால் வைக்கல."

எனக்குக் கோபம் வந்தது. "ஒரு கடிதாசியாவது போட்டிருக்கலாமே டீச்சர். எத்தனை வருஷம் காத்திருந்தாங்க!"

"போட்டிருக்கலாம்" என்றார். தகப்பனாருக்காக அவர் வாதாடவில்லை. என்னைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனார். சவரிமுத்துவின் கல்லறைக்குப் பக்கத்தில் பேர் எழுதாத ஒரு கல். அதைச் சுற்றி மெழுகு உருகிக் கெட்டிப்பட்டிருந்தது.

"வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு இங்கன ஒரு மெழுகுவத்தி ஏத்துவாவ. யாருக்குப்பான்னா, 'கோவில்பட்டிக்காரனுக்கு'ம்பாவ. இப்ப நான் ஏத்துதேன்."

அந்தக் கல்லின் முன்னால் குனிந்தேன். பெரியப்பாவுக்காக நான் அழுதது அதுதான் முதல் தடவை.

பிற்பகல் இரண்டரைக்கு வீடு திரும்பினேன். பேருந்தில் வரும் வழியெல்லாம் எதை மறைக்கலாம் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் எதையும் மறைக்க முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு முழுதும் கேட்டார்.

"அப்ப, தனியாக் கெடந்து சாகல."

"இல்லப்பா. கடைசி வரைக்கும் சவரிமுத்து கூடவே இருந்திருக்காரு."

கண்ணைத் திறந்து, "அந்தப் புள்ளைய எப்படிக் கூப்பிட்ட?" என்று கேட்டார்.

"டீச்சர்னு."

"என்னட்டி டீச்சரு? எங்கண்ணனச் சுமந்தவரு எனக்கும் அண்ணன்தான். அவ உனக்கு அக்கா. போன் போட்டுக் குடு."

எண்ணை அழுத்திக் கொடுத்தேன். அப்பா இரண்டு கைகளாலும் போனைக் காதோடு பிடித்துக்கொண்டார்.

"ஏட்டி ஞானம், நான் ஒஞ்சித்தப்பா பேசுதேன்" என்றார்.