செல் சாப்பிட்டது, நைனா சாப்பிடவில்லை

போன செவ்வாய்க்கிழமை காலை, நகரியில் எங்கள் பவர்லூம் ஷெட்டில் நைனா – என் அப்பா – தறி மேலேயே சாய்ந்துவிட்டார். உடம்பெல்லாம் வியர்வை, கை நடுக்கம். அம்மா அவர் வாயில் சர்க்கரையைப் போட்டு, ஆட்டோ பிடித்து, புத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார். திருப்பதியில் வேலை பார்க்கும் நான் பஸ்ஸைப் பிடித்து ஓடினேன்.

காரணம்? போன வாரம் இந்தப் பத்திரிகையில், இதே பக்கத்தில் நான் எழுதியதுதான்.

நம் உடம்பின் செல்கள், பழுதான தங்கள் பாகங்களைத் தாங்களே தின்று புதுப்பித்துக்கொள்கின்றன... வயதாக ஆக இந்த வேலை மந்தமாகிறது, உள்ளே குப்பை சேர்கிறது... பட்டினி கிடந்தால் வேலை சூடுபிடிக்கிறது. இப்படி எழுதியிருந்தேன். பெரும்பாலும் ஆய்வுக்கூட எலிகளிடம் பார்த்தது அது. மனிதருக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது இன்னும் தெளிவாகவில்லை. அதையும், 'சுகர் மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் பட்டினி கிடக்காதீர்கள்' என்பதையும் கடைசியில் எழுதிவிட்டு – நானே அடித்துவிட்டேன். முடிவு சப்பென்று இருந்ததாம்.

அழகுக்காக ஒரு வரியை அடிக்கும்போது, அந்த வரியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று எவன் பார்க்கிறான்?

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நைனாவுக்குப் படிக்கத் தெரியாது. போனில் நான்தான் வாசித்துக் காட்டினேன். அவருக்கு டாக்டர் சொன்னால் பேச்சு. அச்சில் வந்தால் சட்டம். அதுவும் பெற்ற பிள்ளை போட்ட சட்டம். பத்து வருஷமாக சுகர் மாத்திரை போடுகிறவர்... மாத்திரையை விடவில்லை, சாப்பாட்டைத்தான் விட்டார்.

டாக்டரம்மா கேட்டார்: "மாத்திரையும் போட்டுக்கினு எதுக்குங்க பட்டினி?"

"புக்குல போட்டிருக்குதும்மா."

"எந்தப் புண்ணியவான் எழுதினது?"

நைனா, குளுக்கோஸ் ஏறாத கையை என் பக்கம் நீட்டினார். முகமெல்லாம் பெருமை. "இவன்தாம்மா. எங்க பெரியவன்."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்தேன்.

வீடு திரும்பும்போது சொன்னேன்: "நான்தான் தப்பா எழுதிட்டேன் நைனா. இனிமே நேரத்துக்குத் துன்னு."

"நான் துன்றேன்டா. பக்கத்து ஷெட்டு ஏகாம்பரம் மாமாவை நெனச்சாத்தான் பயமாக்கீது. அவனும் சுகர்காரன். நான் சொல்லித்தான் சோத்தைக் கொறச்சான்."

"போன் பண்ணிச் சொல்லிட்றேன்."

"இப்பதான் பண்ணேன். ஒன் பேச்சு எனக்கு எதுக்கு, புக்குல வரட்டும்ன்றான். அதுவரைக்கும் பாதி வயித்துக்குத்தானாம்."

ஏகாம்பரம் மாமா, புக்கில் வந்துவிட்டது. சாப்பிடுங்கள்.